பிழையின் அளவு தெரிந்தால்தான் அளவீடு

அறிவியல் பாடநூல்களின் முதல் அத்தியாயத்தில் நான்கு தலைப்புகள் வரிசையாக வரும்: அறிவியல் முறை, அளவீடு, தரவுகளை வரைபடமாக்குதல், திறனாய்வுச் சிந்தனை. ‘நான்கையும் படித்துவிட்டேன், வரையறைகள் மனப்பாடமாகிவிட்டன. ஆனால் இவற்றுக்குள் என்ன தொடர்பு? எதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும்?’ என்பது மாணவர்கள் கேட்கும் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கும் ஒரே வினாவைத்தான் வெவ்வேறு இடங்களில் நின்று கேட்கின்றன: ‘நான் நினைப்பது தவறாக இருந்தால், அது எனக்கு எப்படித் தெரியவரும்?’ இந்த வினாவுக்கு விடை வைத்திருப்பவர் ஓர் அளவுகோலையும் கடிகாரத்தையும் கொண்டே அறிவியல் செய்துவிடலாம். விடை இல்லாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் உதவாது.

பாடநூல்கள் ‘முறை’யில் தொடங்கும். நான் அளவீட்டில் தொடங்குகிறேன். இந்த வினா மிகக் கூர்மையாகத் தெரிவது அங்கேதான்.

டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகி, தொலைநோக்கி வருவதற்கு முன்பே, பெரிய கோணமானிகளை வைத்து வெறும் கண்ணால் கோள்களின் இடங்களைப் பல்லாண்டுகள் குறித்துவந்தார். 1601-இல் அவர் இறந்தபின் அந்தக் குறிப்புகள் அவரிடம் பணியாற்றிய வானியலாளர் யோஹான்னஸ் கெப்ளரின் கைக்கு வந்தன. செவ்வாயின் பாதையை வட்டமாகக் கொண்டு கெப்ளர் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு கணக்கை உருவாக்கினார். ஒரு வகையில் சோதித்தபோது அது டைக்கோவின் குறிப்புகளுடன் இரண்டு வில் நிமிடத்துக்குள் பொருந்தியது. வேறொரு வகையில் சரிபார்த்தபோது எட்டு வில் நிமிடம் விலகியது. ஒரு பாகைக்கு அறுபது வில் நிமிடம். முழு நிலவின் விட்டமே ஏறக்குறைய 31 வில் நிமிடம்தான். ஆக, அந்த விலகல் வானத்தில் நிலவின் கால் பங்கு அகலம்.

அவருக்கு முந்தைய வானியலாளர்கள் இதை வெற்றி என்றே கொண்டிருப்பார்கள். பண்டைய வானியலாளர் தாலமியின் காலத்து நோக்கீடுகளில் பத்து வில் நிமிடம் முன்பின் இருப்பது இயல்பு. எட்டு நிமிட விலகல் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் டைக்கோவின் நல்ல அளவீடுகளில் பிழை ஓரிரு வில் நிமிடத்தைத் தாண்டாது என்று கெப்ளருக்குத் தெரியும். எனவே எட்டு நிமிடத்தை அளந்தவர்மீது சுமத்த வழியில்லை. தவறு வட்டத்தில்தான் இருக்க வேண்டும். பல ஆண்டு உழைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு மீண்டும் தொடங்கினார். 1609-இல் அவர் வெளியிட்டது நீள்வட்டப் பாதை. வானியல் முழுவதையும் சீர்திருத்தும் வழியை அந்த எட்டு நிமிடங்களே காட்டின என்று அவரே எழுதியிருக்கிறார்.

நான் இதைத் திரும்பத் திரும்ப மாணவர்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டு நிமிடம் என்ற எண்ணுக்குத் தானாக எந்தப் பொருளும் இல்லை. ‘இரண்டு நிமிடத்துக்கு மேல் பிழை இருக்காது’ என்ற இன்னொரு எண் பக்கத்தில் நின்றபோதுதான் அது ஒரு கோட்பாட்டைக் கவிழ்த்தது. அதனால்தான் ஆய்வகக் குறிப்பேட்டில் ‘12.4 செ.மீ.’ என்று மட்டும் எழுதினால் போதாது, ‘12.4 ± 0.1 செ.மீ.’ (0.1 செ.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம்) என்று எழுத வேண்டும் என்கிறோம். மில்லிமீட்டர் கோடுகள் உள்ள அளவுகோலால் அளந்துவிட்டு, கணிப்பான் காட்டிய எட்டு இலக்கங்களையும் அப்படியே எழுதுவது அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொல்வதாகும். முக்கிய எண்ணுருக்கள் (ஓர் அளவில் நம்பத்தக்க இலக்கங்கள்) பற்றிய விதிகள் எல்லாம் இந்த ஒரு நேர்மையைக் காப்பதற்கான ஏற்பாடுகள். அதற்கு மேல் அவற்றில் புதிர் எதுவும் இல்லை.

பிழைகளில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒழுங்கற்ற பிழை ஒருமுறை கூட்டிக் காட்டும், மறுமுறை குறைத்துக் காட்டும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது தேயும். தேயும் வேகத்துக்கும் கணக்கு இருக்கிறது: சராசரியின் பிழை, அளந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு அளக்க வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. முறையான பிழை அப்படியல்ல. எடை எதுவும் வைக்காதபோதே மூன்று கிராம் காட்டும் தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் மூன்று கிராம் கூடுதலாகவே வரும். அளவுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். அந்த ஒற்றுமையே நம்மை ஏமாற்றும். வாசிப்புகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதை நுட்பம் என்றும், உண்மையான மதிப்புக்கு அருகில் இருப்பதைத் துல்லியம் என்றும் பாடநூல்கள் பிரித்துச் சொல்வது இந்த ஆபத்துக்காகத்தான்.

இது தொடக்கநிலை மாணவர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக் குழு ஓர் அளவை வெளியிட்டது. ஜெனீவா அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகம் வரை, ஏறக்குறைய 730 கிலோமீட்டர் பாறையை ஊடுருவிச் சென்ற நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளி வந்திருக்கக்கூடிய நேரத்தைவிட 60 நானோவிநாடி (ஒரு நானோவிநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுக்கு முன்னதாக வந்து சேர்ந்ததாகத் தெரிந்தது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் திரட்டிய அளவு அது. ஒழுங்கற்ற பிழையால் இப்படி நேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்னும்படி கணக்கு உறுதியாக நின்றது. இருந்தும், ஒளியை எதுவும் முந்தாது என்பது இயற்பியலின் அடிப்படை என்பதால், ‘நாங்கள் தேடிப் பார்த்துவிட்டோம், தவறு எங்கே என்று நீங்களும் தேடுங்கள்’ என்ற தொனியிலேயே அவர்கள் முடிவை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு காரணம் வெளிவந்தது. கடிகாரத்துக்கு நேரக் குறியை எடுத்துச் சென்ற ஒளியிழை வடத்தின் இணைப்பு சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது. அதே மலைக்கடியில் இருந்த இக்காரஸ் குழு தனிக் கருவியால் அளந்தபோது ஒளியின் வேகத்தைத் தாண்டியதற்கான தடயம் இல்லை. முறையான பிழையைப் பிடிக்க வேறு கருவியும் வேறு வழியும் வேறு ஆட்களும் வேண்டும். அறிவியலில் ‘மற்றவர் செய்து பார்த்தாரா?’ என்ற கேள்விக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். அளந்தவரை அவமதிக்க யாரும் அதைக் கேட்பதில்லை.

மனிதர்களைக் கணக்கெடுக்கும்போதும் இதே நோய்தான், பெயர் மட்டும் வேறு. 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறக்குறைய ஒரு கோடி பேருக்குக் கருத்துக்கணிப்புக்கான மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. வேட்பாளர்களில் லாண்டன் வெல்வார் என்று அவை காட்டின. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசி, மோட்டார் வாகனம் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து வந்தது. பதில் அனுப்ப முன்வந்தவர்களும் எல்லாத் தரப்பையும் ஒத்தவர்களாக இல்லை. ஒரு பக்கம் சாய்ந்த மாதிரிக் குழுவை எவ்வளவு பெரிதாக்கினாலும் சாய்வு அப்படியே இருக்கும். இன்றும் ‘லட்சம் பேரிடம் கேட்டோம்’ என்ற வாசகம் பலரை மயக்குகிறது. எத்தனை பேர் என்பதைவிட, எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதே முதலில் கேட்க வேண்டியது.

ஒரு முரண்பாடு கண்ணில் பட்டவுடன் அதை அழித்துவிடவே மனம் ஓடும். ஆங்கில இயற்பியலாளர் லார்டு ரேலி அதற்கு நேர்மாறாகச் செய்தார். 1890-களின் தொடக்கத்தில் அவர் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிற வாயுக்களை நீக்கிப் பெற்ற நைட்ரஜன், அம்மோனியாவின் உதவியோடு பெற்ற நைட்ரஜனைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கனமாக இருந்தது. ஆயிரத்தில் ஒன்றுதானே என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரே முறையில் பெற்ற வாயுவின் எடைகள் ஒன்றுக்கொன்று அதைவிடக் குறைவாகவே வேறுபட்டன. தன் பிழையின் அளவு அவருக்குத் தெரியும். அம்மோனியா முறையில் பயன்படுத்திய காற்றிலிருந்தும் நைட்ரஜன் கலந்துவிடுகிறது என்பதைக் கவனித்து, காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனைப் பயன்படுத்தினார். வேறுபாடு மறைந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அது இருநூறில் ஒரு பங்காக வளர்ந்தது. சிறிய முரண்பாட்டைப் போக்க முயலாதே, பெரிதாக்கிப் பார் என்பதே அவர் பின்னாளில் சொன்ன அறிவுரையின் சாரம். வேதியியலாளர் வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து அவர் 1894-இல் அறிவித்தது ஆர்கான் என்ற புதிய தனிமம். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்காக அது எப்போதும் இருந்துகொண்டிருந்தது.

அலகுகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அலகில் பேச உலகம் ஒப்புக்கொண்டிருப்பதால்தான் ஒருவர் அளவை இன்னொருவர் சரிபார்க்க முடிகிறது. 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கிய ஒரு விண்கலம் அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுக்க, மறுபக்கம் அதை நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டதே காரணம். 2019 மே 20 முதல் கிலோகிராம், பாரிஸ் அருகே பாதுகாக்கப்படும் உலோக உருளையைச் சார்ந்திருக்கவில்லை. பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் அளவைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அந்த உருளைக்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு ஏற்பட்டிருந்தது. அளவுகோலே நகர்ந்தால் அதை எதைக்கொண்டு அளப்பது என்ற கவலையின் விளைவு அந்த மாற்றம்.

இப்போது முறைக்கு வருவோம். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்ற வரிசையை எல்லாப் புத்தகங்களும் அச்சிடுகின்றன. ஆய்வாளர்கள் அந்த வரிசையில் நடப்பதில்லை. கருதுகோள் முதலில் வரலாம், கருவி முதலில் வரலாம், தவறிப்போன சோதனையிலிருந்தும் தொடங்கலாம். எந்த வரிசையில் வந்தாலும் கருதுகோளுக்கு ஒரு தகுதி கட்டாயம்: எது நடந்தால் தான் தவறு என்று ஒப்புக்கொள்ளும் என்பதை அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். எது நடந்தாலும் ‘நான் சொன்னது சரியாகிவிட்டது’ என்று சொல்லத்தக்க கூற்று, உலகத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

ஆனால் இதையும் விறைப்பாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்குப்படி போக வேண்டிய பாதையிலிருந்து விலகியது. நியூட்டன் தவறு என்று யாரும் உடனே முடிவு கட்டவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் யோஹான் கால் என்ற வானியலாளர், லெவெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூனைக் கண்டார். புதன் கோளின் நீள்வட்டம் திரும்பும் வேகத்திலும் இதேபோல நியூட்டனின் கணக்குக்கு அடங்காத ஒரு சிறு மிச்சம் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு 43 வில் விநாடி (ஒரு வில் நிமிடத்துக்கு அறுபது வில் விநாடி). அதே லெவெரியே அதே முறையில், சூரியனுக்கு அருகே வல்கன் என்ற கோள் இருக்க வேண்டும் என்றார். பலர் அதைப் பார்த்ததாகவும் அறிவித்தார்கள். அப்படி ஒரு கோள் இல்லை. அந்த 43 விநாடிக்கு விடை 1915-இல் ஐன்ஸ்டீனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் கிடைத்தது. ஒரே ஆள், ஒரே தர்க்கம். ஒருமுறை புதுக் கோள், மறுமுறை புது இயற்பியல். கணிப்பு பொய்த்தால் எங்கோ தவறு இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். எங்கே என்பதை அந்தத் தோல்வியே சொல்லிவிடாது. கோட்பாட்டைக் காப்பாற்ற ஒரு துணைக் காரணம் சொல்லலாம், அதில் குற்றமில்லை. அந்தத் துணைக் காரணத்தையும் தனியாகச் சோதிக்க முடிய வேண்டும். நெப்டியூனைத் தொலைநோக்கியில் தேட முடிந்தது, வல்கனையும் தேட முடிந்தது. இரண்டும் நேர்மையான கருதுகோள்கள்தாம்.

இடையில் ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். கருதுகோள் வளர்ந்து கோட்பாடாகி, கோட்பாடு உறுதிப்பட்டு விதியாகும் என்று ஏணிப்படிபோலப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாறா வெப்பநிலையில் வாயுவின் அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் மாறும் என்பது பாயில் விதி. என்ன நடக்கிறது என்று அது சொல்கிறது. மூலக்கூறுகள் ஓடிச் சுவரில் மோதுவதால் அப்படி நடக்கிறது என்பது வாயுக்களின் இயக்கவியல் கோட்பாடு. ஏன் என்று அது சொல்கிறது. கோட்பாடு ஒருநாளும் விதியாகப் பதவி உயர்வு பெறுவதில்லை. ‘அது வெறும் கோட்பாடுதானே’ என்று ஒதுக்குகிறவர் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டிருக்கிறார்.

காரணத்தைத் தனியாகப் பிரித்தெடுப்பதே சோதனையின் வேலை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து, மாற்றம் செய்யாத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட வேண்டும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, மருத்துவர் ஜான் ஸ்னோ 1854-இல் லண்டன் காலராவை ஆராய்ந்த விதம். நோயைப் பரப்பிய தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்றவைத்த கதையும் அவர் வரைந்த வரைபடமுமே எல்லோருக்கும் தெரியும். அவருடைய இன்னொரு ஆய்வு அதைவிட வலுவானது என்பது என் கருத்து. தெற்கு லண்டனில் இரண்டு நிறுவனங்கள் தண்ணீர் விநியோகித்தன. சவுத்வார்க்–வாக்ஸ்ஹால் நிறுவனம் கழிவுநீர் கலக்கும் பகுதியில் தேம்ஸ் நதியிலிருந்து நீர் எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுப்பு இடத்தை நதியின் மேல்பகுதிக்கு மாற்றியிருந்தது. இரண்டின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு நிறுவனத்தின் தண்ணீரைக் குடித்தன. ஏழை, பணக்காரர், தொழில், காற்று எல்லாம் இருபுறமும் ஒன்றே. வேறுபட்டது தண்ணீர் மட்டும். யாரும் திட்டமிடாமலே ஒரு சோதனை அமைந்துவிட்டதை ஸ்னோ கண்டுகொண்டார்.

வீடு வீடாகச் சென்று, இறந்தவர் வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் தண்ணீர் என்று விசாரித்தார்கள். கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் சவுத்வார்க்–வாக்ஸ்ஹால் வீடுகளில் 1,263 பேர் இறந்திருந்தார்கள். லாம்பெத் வீடுகளில் 98 பேர். இந்த இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டால் அது நியாயமில்லை, ஏனென்றால் முன்னதற்கு 40,046 வீடுகள், பின்னதற்கு 26,107 வீடுகள். வகுத்துப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் வீட்டுக்கு 315 இறப்பு ஒரு பக்கம், 37 மறுபக்கம். காலராக் கிருமி எது என்று ஸ்னோவால் காட்ட முடியவில்லை. நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்றே அன்றைய மருத்துவ உலகில் பெரும்பாலோர் நம்பினார்கள். ஆனால் கெட்ட காற்று ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குள் மட்டும் நுழைவது ஏன் என்று அந்த நம்பிக்கையால் சொல்ல முடியாது. எந்த எண்ணைக் கேட்டாலும் ‘எத்தனையில்?’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வேண்டும். வகுக்கும் எண் இல்லாத எண்ணிக்கை பாதிச் செய்திதான்.

அளப்பவரின் எதிர்பார்ப்பும் கட்டுப்படுத்த வேண்டிய ஒன்று. 1903-இல் பிரான்சின் நான்சி நகரில் பிளாண்ட்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் ‘என்-கதிர்கள்’ என்ற புதிய கதிர்வீச்சை அறிவித்தார். இருட்டறையில் மங்கலான ஒளி சற்றே கூடுவதைக் கண்ணால் பார்த்து அறிவதே அளவு முறை. வேறு பல ஆய்வாளர்களும் அதைக் கண்டதாக எழுதினார்கள். 1904-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஆய்வகத்துக்கு நேரில் சென்றார். கதிர்களைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை இருட்டில் ஓசைப்படாமல் எடுத்துவிட்டார். அது இருப்பதாகவே எண்ணி அவர்கள் அதே அளவுகளைத் தொடர்ந்து வாசித்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பார்க்க விரும்பியதைக் கண் பார்த்தது. மருந்துச் சோதனைகளில் எது மருந்து, எது மருந்துப்போலி (மருந்தில்லாத வெற்று மாத்திரை) என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைப்பதற்குக் காரணம் இந்தப் பலவீனம்தான். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதும் அதே எச்சரிக்கையின் இன்னொரு பகுதி.

வரைபடம் அறிக்கையின் அலங்காரம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் பதினொரு புள்ளிகள் வீதம் நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கினார். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, பரவல் ஏறக்குறைய ஒன்றே, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.82, பொருந்தும் நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல். இன்னொன்று வழுவழுப்பான வளைகோடு. மூன்றாவதில் நேர்கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளி விலகி நிற்கிறது. நான்காவதில் ஒரே புள்ளிதான் முழுக் கோட்டையும் தீர்மானிக்கிறது. கணக்கு செய்வதற்கு முன் வரைந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியாது.

எதை வரையாமல் விடுகிறோம் என்பது அதைவிட முக்கியம். சேலஞ்சர் விண்ணோடம் 1986 ஜனவரி 28 அன்று ஏவப்பட்ட சிறிது நேரத்தில் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப் போனதே காரணம். முந்தைய நாள் இரவு இதே கவலையைப் பொறியாளர்கள் எழுப்பினார்கள். ஏவ வேண்டாம் என்றே வாதிட்டார்கள். ஆனால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பைப் பரிசீலித்தபோது, வளையம் சேதமடைந்த பயணங்கள் மட்டுமே கணக்கில் வந்தன. அவற்றை மட்டும் வரைந்தால் 12 டிகிரி செல்சியஸிலும் சேதம், 24 டிகிரியிலும் சேதம். தொடர்பு எதுவும் தெரியாது. சேதமே ஏற்படாத பயணங்களையும் சேர்த்தால் படம் முற்றிலும் மாறுகிறது. விசாரணை ஆணையம் அதைச் சுட்டிக்காட்டியது: ஏறக்குறைய 19 டிகிரியிலும் அதற்கு மேலும் நடந்த இருபது பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம், 17 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த நான்கு பயணங்களிலும் சேதம். ஏவிய நேரத்தில் காற்றின் வெப்பநிலை 2 டிகிரி. அதுவரை நடந்த மிகக் குளிரான ஏவுதலைவிடப் பல டிகிரி கீழே, தரவே இல்லாத வெளியில் அந்த முடிவு எடுக்கப்பட்டது. ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதும் ஒரு தரவு. பூஜ்யங்களை நீக்கிவிட்டு வரைகிறவர் விடையையே நீக்கிவிடுகிறார்.

வரைபட வகைகளைப் பற்றி என் பரிந்துரைகள் சில. இரண்டு அளவுகளுக்குள் தொடர்பு தேடினால் சிதறல் வரைபடம். காலப்போக்கில் மாறுவதற்குக் கோட்டு வரைபடம். வகைகளை ஒப்பிடப் பட்டை வரைபடம். பட்டையின் நீளமே அளவைச் சொல்வதால் அதன் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். கோட்டு வரைபடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உடல் வெப்பநிலையைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது. கோணங்களை ஒப்பிடுவதில் கண்ணுக்குத் திறமை குறைவு என்பதால் வட்ட விளக்கப்படத்தை நான் பரிந்துரைப்பதில்லை. முப்பரிமாணத்தில் சாய்த்து வரைந்த வட்டத்தை முற்றிலும் கைவிட வேண்டும். அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதாமலும், புள்ளிகளுக்குப் பிழையின் அளவைக் காட்டும் பிழைக்கோடு போடாமலும் இருந்தால் வரைபடம் முடிந்ததாக எண்ணக் கூடாது.

திறனாய்வுச் சிந்தனை என்பதைச் சந்தேகப்படும் குணம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் சந்தேகிப்பது எளிது. எல்லாவற்றையும் நம்புவதைப் போலவே அதற்கும் உழைப்பு தேவையில்லை. எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிடுவதுதான் கடினம். ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள ஒரு நோய்க்கு ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவர்களில் 99 விழுக்காட்டினரை அது சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோயற்றவர்களில் ஒரு விழுக்காட்டினருக்கு மட்டும் தவறாக ‘உண்டு’ என்கிறது. ஒருவருக்கு ‘உண்டு’ என்று முடிவு வந்தால் அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 99 விழுக்காடு என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். நோயுள்ளவர் 100, அவர்களில் 99 பேருக்கு ‘உண்டு’. நோயற்றவர் 99,900, அவர்களில் 999 பேருக்குத் தவறாக ‘உண்டு’. மொத்தம் 1,098 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 99 பேர். ஏறக்குறைய 9 விழுக்காடு. பரிசோதனை மோசமானதல்ல. நோய் அரிது என்பதை நாம் கணக்கில் எடுக்க மறந்தோம். புதிய சான்று ஒன்று கையில் கிடைத்தால், அது வருவதற்கு முன் நிலைமை என்ன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இதன் மறுபுறமும் உண்டு. தற்செயலாகவே இருபதில் ஒருமுறை கிடைக்கக்கூடிய முடிவை ‘குறிப்பிடத்தக்கது’ என்று ஏற்பது பல துறைகளில் வழக்கம். அப்படியானால் பயனே இல்லாத இருபது பொருள்களைச் சோதித்தால் ஒன்று பயனுள்ளதாகத் தோன்றும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அந்த ஒன்று மட்டும் செய்தியாக வெளிவரும்; மற்றப் பத்தொன்பதும் மேசை இழுப்பறையில் கிடக்கும். ஒரு வியப்பான ஆய்வு முடிவைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, அவர்கள் மொத்தம் எத்தனை விஷயங்களைச் சோதித்தார்கள் என்பதையே. என்ன சோதிக்கப் போகிறோம் என்பதைத் தரவு திரட்டும் முன்பே பதிவு செய்துவைக்கும் வழக்கம் மருத்துவ ஆய்வுகளில் வந்திருப்பது இதற்கான நல்ல மருந்து.

இவை எல்லாவற்றையும் ஒரே சோதனையில் கையால் உணர வேண்டுமானால் தனி ஊசலைப் பரிந்துரைக்கிறேன். ஒரு நூல், ஒரு கனமான குண்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம் போதும். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் ஏறக்குறைய 2 விநாடி. கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 விநாடி பிழை நேர்ந்தால், ஓர் அலைவை அளப்பவருக்குப் பத்து விழுக்காடு பிழை; இருபது அலைவுகளைச் சேர்த்து அளப்பவருக்கு அரை விழுக்காடு. கருவியை மாற்றாமலே பிழையை இருபதில் ஒன்றாக்கிவிட்டோம். நீளத்தை 20 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை மாற்றி அளந்து, நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். கோட்பாடு சரியானால் நேர்கோடு வரும். அதன் சாய்வு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 4.03, 39.5-ஐ (அதாவது 4π²) அந்தச் சாய்வால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம்.

கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் செங்குத்து அச்சைச் சற்று மேலே வெட்டினால் அதை அழித்துத் திருத்தாதீர்கள். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் உச்சி வரை அளந்திருக்கிறீர்கள். குண்டின் ஆரம் 2.5 செ.மீ. என்றால் வெட்டு 0.1 அளவில் இருக்கும். ஒரு மீட்டர் என்ற ஒரே நீளத்தில் நூறு முறை அளந்திருந்தாலும் இந்த முறையான பிழை வெளிப்பட்டிருக்காது, விடையில் 2.5 விழுக்காட்டைச் சத்தமில்லாமல் குறைத்திருக்கும். வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்கிறது, சாய்வும் கெடாமல் நிற்கிறது. வரைபடத்தாலும் பிடிக்க முடியாத பிழை ஒன்றும் இங்கே உண்டு. குண்டை 20 பாகை விலக்கி விட்டால் அலைவு நேரம் எல்லா நீளத்திலும் ஒரே விகிதத்தில், முக்கால் விழுக்காடு, கூடும். கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போகும், விடை மட்டும் ஒன்றரை விழுக்காடு குறையும். அதைப் பிடிக்க நீளத்தை மாற்றாமல் கோணத்தை மட்டும் 5, 20, 40 பாகை என்று மாற்றி அளக்க வேண்டும். 40 பாகையில் நேரம் ஏறக்குறைய 3 விழுக்காடு கூடுகிறது. இருபது அலைவுகளில் அது ஒரு விநாடிக்கும் மேல், சாதாரண நிறுத்துக் கடிகாரத்திலேயே தெளிவாகத் தெரியும்.